தண்டையார்பேட்டையில் கவர்டு கால் கணக்கு தெரிந்த ஒரு ஆடிட்டர்

வருமான வரி ரிட்டர்ன் (ஐடிஆர்) தாக்கல் செய்ய மூன்று இடத்துக்கு ஒரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கவர்டு கால் (கையில் இருக்கும் பங்கின்மேல் கால் ஆப்ஷன்) விற்று பிரீமியம் வாங்குகிறவர்கள், அதுவும் என்னைப் போலச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே மாதம் ஒரு லாட் (சந்தை நிர்ணயித்த ஒரு கட்டுப் பங்கு) விற்கிறவர்கள், வடசென்னையில் யாரிடம் போவது என்று கேட்டால் இனி நான் சொல்லக்கூடிய இடம் இது.

டி.எச். ரோட்டில், தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. பெயரை எழுத வேண்டாம் என்று ஆடிட்டர் மேடமே கேட்டுக்கொண்டார், செப்டம்பரில் வரும் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லையாம். அதனால் பெயர் இல்லை. காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் என் மாமா பத்து வருடமாக அங்கேதான் கணக்குக் கொடுக்கிறார், அவர்தான் அனுப்பினார். "தம்பி, பங்கு கணக்கெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது, ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போனேன்.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் செய்த வேலை புரியாது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் சேர்த்த பொதுத்துறை வங்கிப் பங்குகள், 750, அவர் போன பிறகு என் டீமேட்டுக்கு வந்தன. விற்க மனம் வரவில்லை. சும்மா கிடக்கிறதே என்று 2023 டிசம்பரில் இருந்து அதன்மேல் கால் ஆப்ஷன் விற்க ஆரம்பித்தேன். தெரியாதவர்களுக்கு: வீட்டை இந்த விலைக்குத் தருகிறேன் என்று சொல்லி டோக்கன் அட்வான்ஸ் வாங்குகிற மாதிரிதான். வாங்குபவர் வராவிட்டால் டோக்கன் நமக்கு, வந்தால் சொன்ன விலைக்கு வீட்டைக் கொடுத்தாக வேண்டும், டோக்கன் அப்போதும் நமக்குத்தான். அந்த டோக்கன்தான் பிரீமியம், சொன்ன விலைதான் ஸ்ட்ரைக்.

2024-25 நிதியாண்டில் 11 முறை விற்றேன். 8 முறை எக்ஸ்பயரியில் (ஒப்பந்தம் முடியும் நாளில்) மதிப்பில்லாமல் போய் பிரீமியம் முழுதும் கைக்கு வந்தது, 52,800 ரூபாய். 2 முறை விலை ஏறிவிடுமோ என்று பயந்து திரும்ப வாங்கி முடித்தேன், 18,300 நஷ்டம். கடைசியாக மார்ச் மாத கான்ட்ராக்டில் 760 ஸ்ட்ரைக்கை பங்குக்கு 9 ரூபாய்க்கு விற்றேன், மார்ச் 27 எக்ஸ்பயரி அன்று பங்கு 760-ஐத் தாண்டி முடிந்தது. 2019 அக்டோபரில் இருந்து இங்கே பங்கு ஆப்ஷன் எல்லாமே பணமாக அல்ல, பங்காகவே செட்டில் ஆகிறது. அப்பாவின் 750 பங்கும் 760 விலைக்குப் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு கதை.

சரி, இதை ரிட்டர்னில் எங்கே காட்டுவது?

முந்தைய ஆண்டு ஒரு ஆன்லைன் தாக்கல் சேவை மூலம் போட்டிருந்தேன். அவர்கள் பிரீமியத்தைக் குறுகிய கால மூலதன ஆதாயம் என்று போட்டு, பங்கு விற்றால் அப்போது கட்டிய அதே 15 சதவீதத்தில் வரி கணக்கிட்டு, ஐடிஆர்-2 (வியாபார வருமானம் இல்லாதவர்களுக்கான படிவம்) தாக்கல் செய்துவிட்டார்கள். நானும் பணம் கட்டி மறந்துவிட்டேன். இந்த ஆண்டு பங்கே கைவிட்டுப் போனதால், ஆளாகப் பார்த்துக் கேட்கலாம் என்று வேறு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் லாட்டையும் பங்கு விலையையும் பெருக்கி, அதை 11-ஆல் பெருக்கி, "உங்க டர்ன்ஓவர் அறுபது லட்சத்துக்கு மேல, லாபம் ஆறு சதவீதம் இல்ல, ஆடிட் பண்ணணும், பதினஞ்சாயிரம் ஆகும்" என்றார். நாற்பதாயிரம் சம்பாதிக்க பதினைந்தாயிரமா என்று எழுந்து வந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை மேடம் முதல் நாள் செய்தது என்னவென்றால், வரி பற்றி எதுவும் பேசவில்லை. காபி வாங்கி வரச் சொல்லிவிட்டு, என் புரோக்கர் கொடுத்த பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தார், ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்துப் போட்டார்: காலாவதி, திரும்ப வாங்கியது, பங்கு கொடுத்தது. முக்கால் மணி நேரம் இருக்கும். அப்புறம்தான் நிமிர்ந்து சொன்னார்: "சார், பிரீமியம் வேற பை, பங்கு வேற பை. ஒண்ணுல இருக்கறத எடுத்து இன்னொண்ணுல போடாதீங்க."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் மூன்று இடம் அலைந்து தேடியிருக்கிறேன்.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இந்த ரிட்டர்னுக்குப் பொருந்திய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 43(5) பிரிவில், அங்கீகரிக்கப்பட்ட பங்குச் சந்தையில் நடக்கும் டெரிவேட்டிவ் (ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) வியாபாரம் ஊக வணிகம் ஆகாது என்று விலக்கு இருக்கிறது. அதனால் அது சாதாரண வியாபார வருமானம். நாம் நீண்டகாலத்துக்கு வைத்திருக்கும் பங்கின் மேல் விற்றோம், அதனால் இதுவும் முதலீடுதான் என்று நமக்குத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படிவத்தில் அது வியாபாரம்தான், வியாபாரம் செய்பவர்களுக்கான ஐடிஆர்-3தான், வருமான அடுக்குக்கு ஏற்ற ஸ்லாப் விகிதம்தான். பங்கு கை மாறினால் அது தனியாக மூலதன ஆதாயம், அதற்குத் தனி அட்டவணை.

இதில் பலர் குழம்புவதற்கு ஒரு காரணம் அமெரிக்கக் கணக்கைப் படித்துவிட்டு வருவது. என் அக்கா மகன் நியூஜெர்சியில் இதே வேலையைச் செய்கிறான். அங்கே விற்ற கால் காலாவதியானால் பிரீமியம் குறுகிய கால மூலதன ஆதாயம். பங்கு எடுத்துக்கொள்ளப்பட்டால் அந்தப் பிரீமியத்தைப் பங்கின் விற்பனை விலையோடு சேர்த்து, படிவம் 8949-இல் ஒரே வரியாகக் காட்டுவார்கள். அவன் அதைப் போனில் சொல்லச் சொல்ல நானும் 760-உடன் 9-ஐச் சேர்த்து 769 என்று எழுதி வைத்திருந்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு அடித்தார். இங்கே 9 ரூபாய் வியாபாரத்தில், 760 ரூபாய் மூலதன ஆதாயத்தில்.

பங்காகச் செட்டில் ஆகும்போது எக்ஸ்பயரி அன்றைய முடிவு விலையை வைத்து, ஆப்ஷனில் நஷ்டமும் பங்கில் கூடுதல் லாபமும் காட்டும் வழக்கமும் ஆடிட்டர்களிடம் இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். அவர் ஸ்ட்ரைக் விலையை எடுத்ததற்குக் காரணம், உண்மையில் என் கணக்குக்கு வந்த பணம் அதுதான், 750 பெருக்கல் 760, 5,70,000, பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதையே சொல்கிறது. "எந்த வழியில போனாலும் வருஷா வருஷம் அதே வழியில போகணும்" என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, என் ஃபைலிலேயே வைத்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்தத் தாள்தான். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் என்ன நினைத்து இப்படிப் போட்டோம் என்று எனக்கும் தெரியும், அவர் இல்லாவிட்டால் அடுத்த ஆடிட்டருக்கும் தெரியும்.

டர்ன்ஓவர் கதையும் ஒரு தாளில் முடிந்தது. கான்ட்ராக்ட் மதிப்பு டர்ன்ஓவர் இல்லை. பட்டயக் கணக்காளர் கழகத்தின் வழிகாட்டிக் குறிப்புப்படி ஒவ்வொரு வியாபாரத்தின் லாபத்தையும் நஷ்டத்தையும், கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல், கூட்ட வேண்டும். முன்பு விற்ற ஆப்ஷனின் பிரீமியத்தையும் தனியாக அதன்மேல் கூட்டுவார்கள். 2022-இல் வந்த பதிப்பில், லாப நஷ்டத்திலேயே பிரீமியம் சேர்ந்துவிட்டால் மறுபடி கூட்ட வேண்டாம் என்று தெளிவாக்கிவிட்டார்கள். ஆக 52,800, 18,300, கடைசிக் கான்ட்ராக்டின் 6,750, மொத்தம் 77,850. அறுபது லட்சம் எங்கே, எண்பதாயிரம் எங்கே! ஆடிட் வரம்பு ஒரு கோடி, ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி. சந்தையில் ரொக்கமே கிடையாது. அந்த ஆறு சதவீத பயமும் எல்லோருக்கும் பொருந்தாது, முன்பு 44ஏடி அனுமான முறையில் (டர்ன்ஓவரில் குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டும் முறை) கணக்குக் காட்டி, ஐந்து வருடத்துக்குள் அதை விட்டு வெளியே வந்தவர்களுக்குத்தான். நான் அந்தப் பக்கமே போனதில்லை.

நிகர லாபம் 41,250. அதில் புரோக்கரேஜ், எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜிஎஸ்டி, சந்தைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 1,940 கழித்தார். எஸ்டிடியை வியாபாரச் செலவாகக் கழிக்கலாம், ஆனால் பங்கு டெலிவரி ஆனபோது பிடித்த எஸ்டிடியை மூலதன ஆதாயத்தில் கழிக்க முடியாது, இரண்டையும் பிரித்து வைத்திருந்தார். 2024 அக்டோபர் 1 முதல் ஆப்ஷன் விற்பனையின் எஸ்டிடி 0.0625-இல் இருந்து 0.1 சதவீதமாக ஏறியதால் பாதி வருடம் ஒரு விகிதம், பாதி வருடம் வேறு விகிதம். நான் வீட்டு இன்டர்நெட், போன் பில், வாங்கிய லேப்டாப் எல்லாம் கொண்டு போயிருந்தேன். "மாசத்துக்கு ஒரு ஆர்டர் போடறதுக்கு லேப்டாப்பா சார்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது, யோசித்தால் அவர் செய்தது சரி.

பங்குப் பகுதியில் நான் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார்: பங்கு உங்கள் பெயருக்கு வந்தது நாமினி என்பதாலா, வாரிசு என்பதாலா? இரண்டும் ஒன்றுதானே என்றேன். இல்லை, நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர்தான், உரிமை வாரிசுச் சட்டப்படி, உச்ச நீதிமன்றமே 2023 டிசம்பரில் பங்குகளுக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டது என்றார். அம்மாவும் தங்கையும் எனக்கு விட்டுக்கொடுத்து எழுதிய காகிதம் இருந்தது, அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் முழு ஆதாயத்தையும் என் ரிட்டர்னில் போட்டார். அப்பா வாங்கிய தேதியே எனக்கும் தேதி, அவர் விலையே என் விலை. 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியது என்பதால் அன்றைய உச்ச விலையை வைத்துக் கணக்கிடும் சலுகையும் உண்டு. அப்படிப் பார்த்ததில் ஆதாயம் 3,34,500. 1,25,000 விலக்கு போக, மீதிக்கு 12.5 சதவீதம், 26,000-க்குச் சற்று மேல். அப்பாவின் பழைய கான்ட்ராக்ட் நோட்டை பரணில் இருந்து தேடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. அது இல்லாவிட்டால் வாங்கிய தேதியை நிரூபிக்கவே முடிந்திருக்காது, வீட்டில் பழைய பங்கு இருப்பவர்கள் தயவுசெய்து அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

அட்வான்ஸ் டாக்ஸில்தான் எனக்கு அடி. பிடித்த டிடிஎஸ் போகக் கட்ட வேண்டியது 10,000-க்கு மேல் போனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணையில் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். பங்கு போனது மார்ச் 27, கடைசித் தவணை மார்ச் 15. அப்படி நடுவில் வரும் மூலதன ஆதாயத்துக்கு மார்ச் 31-க்குள் கட்டினால் போதும், தவணை தவறிய வட்டி வராது. அந்த நான்கு நாளில் எனக்கு இது தெரியாது. ஆகஸ்டில் கட்டியதால் மொத்த பாக்கி 35,400-க்கு மாதம் 1 சதவீதம், ஐந்து மாதம், 1,770 ரூபாய், அதோடு பிரீமியம் பகுதிக்குத் தவணை வட்டி கொஞ்சம். அடுத்த வருடம் முதல் பிரீமிய வருமானத்தை ஆபீசில் சொல்லி, சம்பளத்திலேயே சேர்த்து டிடிஎஸ் பிடிக்கச் சொல்லுங்கள் என்று வழி சொன்னார். மணலியில் எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் பிரிவில் கேட்டேன், எழுதிக் கொடுத்தால் செய்கிறோம் என்றார்கள்.

பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பதில் அவர் சொன்னதைச் சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, பழைய முறையில் போனால் சுமார் 4,000 ரூபாய் மிச்சம். சம்பளம் மட்டும் என்றால் வருடத்துக்கு வருடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு ஆப்ஷன் விற்றாலும் வியாபார வருமானம் வந்துவிட்டது. அப்போது புதிய முறையை விட்டு வெளியேற கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தனியாகப் போட வேண்டும், வெளியேறினால் திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்புத்தான், வந்த பிறகு வியாபார வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. "நாலாயிரத்துக்காக அந்த வாய்ப்ப இப்பவே செலவு பண்ண வேண்டாம் சார்" என்றார். கேட்டேன், புதிய முறையிலேயே இருக்கிறேன்.

போன வருடத் தவறையும் அவர்தான் பார்த்தார், நான் சொல்லவே இல்லை. 22,400 ரூபாய் பிரீமியத்துக்கு 15 சதவீதம் கட்டியிருக்கிறேன், என் ஸ்லாப் 20. திருத்திய ரிட்டர்ன் போடும் காலம் 2025 ஜனவரி 15-ஓடு முடிந்துவிட்டது, அதனால் ஐடிஆர்-யு, காலம் கடந்து திருத்துவதற்கான படிவம். வித்தியாசமும் செஸ்ஸும், அதன்மேல் 25 சதவீதம் கூடுதலும் சேர்த்து 1,456 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் போன வருடம் மூலதன ஆதாயம், இந்த வருடம் வியாபாரம் என்று ஒரே வேலையை இரண்டு மாதிரி காட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கட்டிவிட்டேன்.

கட்டணம்: இந்த ஆண்டு ஐடிஆர்-3-க்கு 3,500, ஐடிஆர்-யு-க்கு 1,000. ரசீது கொடுத்தார்கள்.

இனி குறைகள், இதையும் சொல்லத்தான் வேண்டும். நேரம் வாங்கிக்கொண்டு போகும் வழக்கமே அங்கே இல்லை. காலை 10:30-க்குப் போனால் உங்களுக்கு முன் ஐந்து பேர் ஜிஎஸ்டி கட்டுக்களோடு உட்கார்ந்திருப்பார்கள், நான் மூன்று முறை போனதில் ஒருமுறை இரண்டரை மணி நேரம் காத்திருந்து மேடம் பேங்குக்குக் கிளம்பிவிட்டதால் திரும்பி வந்தேன், அரை நாள் லீவு போனது. போன் எடுக்க மாட்டார்கள். வரைவுக் கணக்கை மெயிலில் அனுப்பாமல் பிரின்ட் எடுத்துத்தான் தருகிறார்கள், அதை வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க நான் திரும்ப ஒருமுறை கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. அதில் ஒரு சேமிப்புக் கணக்கு வட்டி விடுபட்டிருந்தது, அங்கே வேலை செய்யும் தம்பி ஏஐஎஸ்-ஐ (வரித்துறை நம் வருமானத் தகவல்களைத் தொகுத்து வைக்கும் அறிக்கை) பழைய தேதியில் இறக்கியிருக்கிறார். சொன்னதும் மன்னிப்புக் கேட்டு அன்றைக்கே திருத்தினார்கள், ஆனால் நான் பார்க்காவிட்டால் அப்படியே போயிருக்கும். படி செங்குத்து, அம்மாவைக் கூட்டிப் போக முடியாது. வண்டி நிறுத்த இடமே கிடையாது, மெட்ரோவில் போவதுதான் நல்லது.

இன்னொன்று, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆர்டர் போடுகிறவர்களுக்கு இந்த இடம் சரியாக வருமா என்பது எனக்குச் சந்தேகம். அவர் ஒவ்வொரு கான்ட்ராக்டையும் பென்சிலால் பார்க்கிற ஆள். 11 வரிக்கு அது அருமை, 1,100 வரிக்கு மென்பொருள் வைத்துச் செய்யும் ஆட்களிடம் போங்கள்.

போகிறவர்கள் எடுத்துப் போக வேண்டியது: புரோக்கரின் டாக்ஸ் பி அண்ட் எல் (வரிக்கான லாப நஷ்ட அறிக்கை), அதோடு லெட்ஜர், பங்கு கொடுத்த மாதத்தின் கான்ட்ராக்ட் நோட், மார்ச் 31 தேதியிட்ட பேங்க் இருப்பு. கடைசி ஒன்று எதற்கு என்றால், கணக்குப் புத்தகம் எழுதும் கட்டாயம் இல்லாத சிறு வியாபாரிக்கும் ஐடிஆர்-3-இல் கடன், இருப்பு, ரொக்கம் என்று சில கட்டங்கள் நிரப்ப வேண்டும், பலர் அதைப் பூஜ்யம் போட்டு விட்டுவிடுகிறார்கள், இவர் விடுவதில்லை. போர்ட்டல் பாஸ்வேர்டை எழுதி வாங்கவில்லை என்பதும் எனக்குத் திருப்தி. என்னையே தட்டச்சு செய்யச் சொல்லி, என் போனுக்கு வந்த ஆதார் ஓடிபியை நானே போட்டு, இ-வெரிஃபை முடித்த பிறகுதான் எழுந்திருக்க விட்டார்.

ஆகஸ்ட் 28-இல் தாக்கல், அந்த ஆண்டுக்கான கெடு அப்போதே செப்டம்பர் 15 வரை நீண்டிருந்ததால் எனக்கு அவசரம் இருக்கவில்லை. அக்டோபரில், ரிட்டர்னைச் சரிபார்த்து வரித்துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. அவர் கணக்கும் துறையின் கணக்கும் இரண்டு பத்தியிலும் ஒன்றாகவே இருந்தன, பாக்கி பூஜ்யம். அதன் ஒரு நகலை எடுத்து, அவர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.